வீட்டுக்கெல்லாம் ஒரே சைக்கிளா?

சைக்கிள் வியாபாரத்தில் சைக்கிள் ஒரு தொல்லையும் தராது. வாங்குகிறவரோடு கூட வருகிற ஆள்தான் தருவார். துணிக்கடை, செருப்புக்கடை, மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செஞ்சியில் நான் கியர் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன்.

யார் கால் அளவு?

சிங்கவரத்திலிருந்து ஸ்டெல்லா டீச்சர் வந்தார். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பெண்கள் சிலர் சேர்ந்து திருவண்ணாமலை வரை ஓட்டிப்போய்த் திரும்பப் போகிறார்களாம். அதற்கு ரோடு பைக் என்கிற நெடுந்தூரச் சைக்கிள் வேண்டும். கூடவே கணவர் ஆரோக்கியம். டீச்சர் அவர் தோளுக்குத்தான் இருப்பார்.

நாடாவைக் கொடுத்து, டீச்சரின் உள்கால் நீளத்தை அளக்கச் சொன்னேன். சின்ன பிரேம்தான் பொருந்தும். ஆரோக்கியமோ பெரியதைக் காட்டினார். "இத்த வாங்கி சீட்ட எறக்கிக்கலாம் மேடம். வீட்ல ஒரு சைக்கிள்னா நானும் ஓட்டணுமில்ல?"

சீட்டை இறக்கலாம்; அதற்கும் ஹேண்டிலுக்கும் நடுவே உள்ள தூரம் குறையாது. கையை நீட்டிப் பிடித்தே போனால் ஊர் எல்லை தாண்டுமுன் தோளும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். பெரியதை விற்க மாட்டேன் என்றேன். அவர் முகம் சுருங்கியது. டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"என் ஜாக்கெட்ட ஒங்களுக்கும் சேத்தா தைக்கிறோம்?"

சாப்பாட்டுத் தட்டு

அடுத்தது கியர். பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் அடுக்காக இருக்கும். செயினைப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் வேகம் குறையும், மிதிப்பது லேசாகும். மேட்டுக்கும் எதிர்க்காற்றுக்கும் அது வேண்டும். கடைசிப் பல்சக்கரம் சாப்பாட்டுத் தட்டுபோல அகன்றிருந்த ஒன்றை எடுத்து வைத்தேன்.

"இன்னா மேடம், இது வயசானவங்க ஓட்றது! ரேஸ் கியர் போடுங்க, சும்மா பறக்கணும்" என்றார் ஆரோக்கியம். சமதரையில் பறக்கலாம், மேட்டில் முட்டி கெஞ்சும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த எங்கள் மெக்கானிக் கலியன் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"எறங்கித் தள்றதுக்கு எந்த கியரா இருந்தா இன்னா சார்?"

சிவப்பு ரிம்

சுவரில் பட்டை அகன்ற, உயரமான சிவப்பு ரிம் மாட்டியிருந்தது. அதைத்தான் போட வேண்டும் என்றார் ஆரோக்கியம். அழகுதான். ஆனால் உயரமான ரிம், பக்கக் காற்றைப் பலகைபோல வாங்கி ஆளைத் தள்ளும். மலைகளுக்கு நடுவே ரோடு புகும் இடத்தில் காற்று எப்படி வரும் என்று இந்த ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? அறுவடை சமயத்தில் பாதி ரோட்டில் வேர்க்கடலை வேறு காயும். மெல்லிய டயர் அதில் வழுக்கும். எனவே சாதாரண ரிம், சற்று அகலமான டயர் என்றேன்.

"அப்ப எங்களுக்கு சைக்கிளே வேணாம்" என்று ஆரோக்கியம் வெளியே போய் நின்றார். நான் கூப்பிடவில்லை. வியாபாரம் போனால் போகட்டும். டீச்சர் நகரவில்லை, கைப்பையைத் திறந்தார்.

"அவருக்குச் செவப்புதான் வேணும்னா, ஹெல்மெட்ட செவப்புல குடுங்கக்கா."

கறுப்பு டேப்

டீச்சரின் உயரத்துக்குச் சீட்டை வைத்து, அதன் கம்பி பிரேமுக்குள் நுழையும் இடத்தில் கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்திருந்தேன். பயணத்துக்கு முந்தின நாள் வந்தார். டேப் பிரேமை விட்டு ஒரு சாண் மேலே நின்றது.

"யாரு தூக்கினது?" என்றேன்.

"வீட்ல நாங்க ரெண்டு பேருதான்க்கா."

கையால் திருகும் பிடியைக் கழற்றிவிட்டு, சாவி போட்டால்தான் அவிழும் போல்ட்டை மாட்டினேன். அந்தச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு கோர்த்துக்கொண்டார்.

மறுநாள் எந்த மேட்டிலும் இறங்காமல் போய்த் திரும்பி, நேராக என் கடை வாசலில் வந்து நின்றார். அங்கே காத்திருந்த ஆரோக்கியம் சைக்கிளைத் தடவிப் பார்த்தார். "அந்தச் சாவிய குடு ஸ்டெல்லா, ஒரே ஒரு ரவுண்டு." டீச்சர் தண்ணீரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்க சைஸ்ல ஒண்ணு வாங்கிக்குங்க, அக்கா ஒங்க கால அளப்பாங்க."

ஆரோக்கியம் வாங்க வந்த அன்று கூட வந்த ஆள் டீச்சர். அந்தத் தொல்லை இதைவிடப் பெரிது.