பால்சுறாவின் வயிற்றில் இருந்தவை

பிள்ளை பெற்றிருந்த மகளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு செய்யப் பால்சுறா தேடி லைட்ஹவுஸ் குப்பம் போனேன். மகளுக்கு என்று சொன்னதும் மீன்காரம்மா தன்னிடமிருந்த ஒரே சுறாவின் வயிற்றைக் கீறினார். உள்ளே வெள்ளைப் புழுக்கள். சுற்றி நின்றவர்கள் தயங்கினார்கள். படித்தவன் சும்மா இருப்பேனா? குடலோடு போய்விடும், வேகவைத்தால் ஒன்றும் செய்யாது என்று புழுவின் வாழ்க்கை வரலாற்றையே விளக்கினேன். தயங்கியவர்களும் நழுவிவிட்டார்கள்.

"அப்போ உன் பொண்ணுக்குப் போடட்டா சார்?"

"இல்லம்மா, பச்சை உடம்புக்காரி..." என்று இழுத்தேன்.

அவர் குடலை வழித்தெறிந்துவிட்டு மீனைத் தன் கூடையிலேயே போட்டுக்கொண்டார்.

"எங்கூட்லயும் ஒருத்தி பெத்துட்டுப் படுத்துனு கீறா. இத்த வித்து மருந்து வாங்கலாம்னு இருந்தேன். போவட்டும், மீனையே ஆக்கிப் போடறேன்."

வெறும் பையோடு பஸ் ஏறினேன். நான் சொன்னது அத்தனையும் உண்மை. அதை நம்பாதவர்களில் நானும் ஒருவன் என்பது அன்றுதான் தெரிந்தது.