பிக்கப்பில் பாண்டீஸ்வரனின் சீட்

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையரைப் பார்த்துக்கொள்கிற பாண்டீஸ்வரனுக்கு வயது நாற்பத்துமூன்று. மூன்று வருடத்தில் நான்கு சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொண்டார். நான்கிலும் கிளம்பிப் போனது சைக்கிளில், வந்து சேர்ந்தது பிக்கப்பில்.

பந்தயத்தின் வாலில் ஒரே நிதானமாக உருண்டு வருகிற வண்டிதான் அந்தப் பிக்கப். அது யாரை எட்டிப் பிடிக்கிறதோ அவருக்குப் பந்தயம் முடிந்தது. சைக்கிளைப் பின்னால் ஏற்றிவிட்டு முன்சீட்டில் உட்கார வேண்டியதுதான். ஓட்டுகிறவன் ஜிஜோ. பாலக்காட்டுப் பந்தயத்தின் எதிர்க்காற்றில் நம்மவர் நகராமல் நின்றபோதும் அவன்தான் வந்து ஏற்றினான். இப்போதெல்லாம் பந்தயம் தொடங்கும் முன்பே, “அண்ணாச்சி, ஒங்க சீட்டத் தொடச்சு வச்சிருக்கேன்” என்று சொல்லிவிடுகிறான். படுபாவி!

ஐந்தாவது பந்தயம் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தது. வண்டிப்பெரியாரில் கிளம்பி, பீர்மேடு வரை ஏறி, திரும்பி இறங்கி, கடைசி மூன்று கிலோமீட்டர் எஸ்டேட் ரோட்டில் ஏறி, ஃபேக்டரி மைதானத்தில் முடிக்க வேண்டும். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துச் சனம் மொத்தமும் அங்கே நிற்கும். இதைக் கேட்டதும் பாண்டீஸ்வரனின் வாய் சும்மா இருந்ததா? டீ குடிக்கிற நேரத்தில், ஷிஃப்ட் முழுக்கக் கேட்கும்படி, “இந்தத் தடவையும் பிக்கப்புல வந்தேன்னா இனி சைக்கிளத் தொடவே மாட்டேன்” என்று சொல்லித் தொலைத்தார். டம்ளரைக் கீழே வைப்பதற்குள், ஏன்தான் சொன்னோமோ என்றாகிவிட்டது. அந்தச் சைக்கிள் இல்லாவிட்டால் அவருக்கு டிரையரும் லயமும் தவிர வேறொன்றும் இல்லை.

கொழுந்தெடுக்கப் போகிற அவர் மனைவி முருகேஸ்வரிக்குச் சேதி அன்று மாலையே எட்டிவிட்டது.

“நல்லதாப் போச்சு. பின்னாடி தலகாணி வச்சுத் தச்ச அந்த டவுசரத் தூரப் போட்டா எனக்குக் கொடியில எடம் கெடைக்கும்.”

“பாக்க வருவியா?”

“இருக்கிறது ஒரு ஞாயித்துக்கெழம. டவுனுக்குப் போயி மீன் வாங்கணும். ஜிஜோ ஒங்கள எறக்கி விடுறத நின்னு பாக்கவா?”

பாண்டீஸ்வரனுக்குச் சுருக்கென்றது.

ஞாயிறு காலை ஏற்றம் பிரமாதமாக நடந்தது. பீர்மேட்டில் திரும்பும்போது அவருக்குப் பின்னால் பதினோரு பேர்! எண்ணிப் பார்த்துவிட்டு இன்னொரு தரமும் எண்ணினார். அந்த குஷியிலேயே இறங்கியிருக்கலாம். ஆனால் வழியில் குழாய் பதிக்கப் பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் கீழேயிருந்து சிலிண்டர் ஏற்றிய ஜீப் ஒன்று முனகிக்கொண்டு வந்தது. பாண்டீஸ்வரன் பிரேக்கைப் பிடித்து, ஓரத்தில் கால் ஊன்றி, நின்றேவிட்டார்.

மலையில் அப்படித்தான். பாரத்தோடு ஏறுகிற வண்டி ஒருமுறை நின்றால் மறுபடி நகர்த்துவது பெரும்பாடு. இறங்குகிறவன்தான் ஒதுங்க வேண்டும். அவருடைய கால் யாரையும் கேட்காமல் தானாக நின்றது. ஜீப்புக்குப் பின்னால் லாரி, லாரிக்குப் பின்னால் குழாய் ஏற்றிய டிராக்டர். பின்னால் வந்த பதினோரு பேரும் கிடைத்த சந்தில் நுழைந்து பறந்தார்கள். “சேட்டா, இது ரேஸாணு!” என்று கத்திக்கொண்டே போனான் ஒரு கொச்சிக்காரன்.

ஜீப் ஓட்டி வந்த கூட்டாளி சூசையப்பன் தலையை நீட்டினான். “ஏலே பாண்டி, பந்தயத்துலயுமாடா ஒதுங்கி நிப்ப?”

“பெறகு? ஏத்தத்துல வாற வண்டிய மறிக்கச் சொல்றியா?”

டிராக்டர் கடந்ததும் திரும்பிப் பார்த்தார். மேலே பிக்கப் நின்றது. ஜிஜோவும் மலைக்காரன்தான், அவனும் ஒதுங்கித்தான் நின்றிருந்தான். இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கையை வேறு ஆட்டினான்.

எஸ்டேட் ரோட்டில் ஒரு வண்டிதான் போக முடியும். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ஓடை. கடைசி ஏற்றத்தில் பாண்டீஸ்வரனுக்குத் தொடை இரண்டும் நடுங்கின. பின்னால் பிக்கப்பின் உறுமல் வளைவுக்கு வளைவு நெருங்கியது. அப்போது பார்த்து எதிரே டவுனுக்கு இறங்குகிற பஸ், நிறைய ஆட்களோடு. முடிந்தது, இறங்கி ஓடைக்குள் நிற்க வேண்டியதுதான் என்று நினைத்தார்.

“நிறுத்துங்கண்ணே! ஏத்தத்துல வண்டி வருது!”

ஜன்னலில் முருகேஸ்வரியின் தலை.

“எந்து வண்டி? அது சைக்கிளல்லே?” என்றார் கண்டக்டர்.

“ஏத்தத்துல வந்தா சைக்கிளும் வண்டிதான்!”

டிரைவரால் மறுக்க முடியவில்லை. தேயிலைச் செடி உரச பஸ்ஸை ஒதுக்கி நிறுத்தினார். அவ்வளவு பெரிய பஸ் தனக்காக நிற்பதைப் பார்த்து பாண்டீஸ்வரனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“வாயப் பாக்காம மிதிங்க!” என்றாள் முருகேஸ்வரி.

மிதித்தார். அடுத்த வளைவு திரும்பியதும் கீழே ஹாரன் சத்தம். பஸ்ஸும் பிக்கப்பும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. பஸ்ஸைப் பின்னால் ஏற்ற வழியில்லை, ஜிஜோதான் கீழே அகலமான இடத்துக்குப் பின்வாங்க வேண்டும். அவனுக்கு வழி சொல்ல யாரோ பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தார்கள்.

“வா... வா... லேசா ஒடி... ஐயையோ, நில்லு! ஓடைக்குள்ள போயிரும். முன்னால வா, முன்னால வா. இன்னொரு தடவ பாப்போம்.”

கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது, “இந்தா கெளம்பிட்டேன்” என்று உள்ளேயிருந்து ஒரு மணி நேரம் வருகிற அதே குரல். பத்தொன்பது வருடமாக முருகேஸ்வரியோடு குடித்தனம் நடத்தியவருக்கு அதன் நிதானம் தெரியாதா? அவள் வழி சொல்லி முடிக்கிறவரை பிக்கப் நகராது. சிரித்ததில் மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டே மிதித்தார்.

மைதானத்தில் முடிவுக்கோட்டுப் பேனரின் ஒரு முனையை அதற்குள் அவிழ்த்திருந்தார்கள். பாண்டீஸ்வரன் அதன் கீழே குனிந்து நுழைந்தார். கடைசி ஆள்தான், ஆனால் சைக்கிளில் வந்த ஆள். ஷிஃப்ட்டுக்காரர்கள் விசிலடித்துத் தூக்கினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பிக்கப் வந்தது. பின்னால் சைக்கிள் எதுவும் இல்லை. முன்சீட்டில், மடியில் காலி மீன் பையோடு முருகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். வழி சொல்லி முடிப்பதற்குள் கண்டக்டர் டபுள் பெல் அடித்து, அவளை விட்டுவிட்டு பஸ்ஸைக் கிளப்பிவிட்டாராம்.

“அண்ணாச்சி, ஒங்க சீட்டுக்கு வேற ஆளு வந்தாச்சு” என்றான் ஜிஜோ.

“மீனு?” என்றார் பாண்டீஸ்வரன்.

“மீனுமில்ல, கருவாடுமில்ல” என்று இறங்கியவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “மொதல்ல அந்த டவுசரத் தொவச்சுப் போடுங்க. கொடியில எடம் விட்டிருக்கேன்.”