வேர்க்காத மாப்பிள்ளை

எங்கள் குடும்பத்தில் உடம்புச் சூட்டுக்குக் காரணம் சொல்லத் தெரியாதவர் ஒருவரும் கிடையாது. கண் எரிந்தால் சூடு, முகத்தில் பரு வந்தால் சூடு, பரீட்சையில் மார்க் குறைந்தால் அதுவும் சூடுதான். எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரே வைத்தியம்: தொப்புளில் விளக்கெண்ணெய்.

எனக்கு எட்டு வயதில் தாய்மாமாவுக்குக் கத்திரி வெயிலில், சிதம்பரத்தில் கல்யாணம் வைத்தார்கள். மாமா பண்ருட்டியில் தனியார் பஸ் கண்டக்டர். பெண் கடலூரில் நர்ஸ். மாப்பிள்ளை அழைப்புக்கென்று மாமாவுக்குக் கறுப்புக் கோட்டு தைத்திருந்தார்கள். உள்ளே கெட்டியான லைனிங் வேறு.

அன்று காலையிலிருந்தே மாமா தலை வலிக்கிறது என்றார். உடனே வீட்டில் பஞ்சாயத்து கூடியது.

"நேத்து பலாப்பழத்த அவ்ளோ ஜாஸ்தியா தின்னா சூடு ஏறாம என்ன செய்யும் மச்சான்?" என்றார் அப்பா.

சித்தி வறுத்த முந்திரி மேல் பழி போட்டாள். எண்ணெய் தேய்த்துக் குளிக்காததுதான் காரணம் என்று தீர்ப்புச் சொன்ன அம்மா, மாமாவின் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, அதன்மேல் கோட்டை மாட்டிப் பொத்தானும் போட்டுவிட்டாள். தண்ணீரை மட்டும் அளந்து கொடுத்தார்கள். ஊர்வலத்துக்கு நடுவில் மாப்பிள்ளை ஒதுங்கப் போக முடியாதல்லவா!

நாலு மணி வெயிலில் திறந்த கார் கிளம்பியது. மாமா பக்கத்தில் நான். முதலில் அவருக்கு வேர்வை கொட்டியது. சித்தி துடைத்துத் துடைத்துப் பவுடர் போட்டாள். பிறகு சட்டென்று வேர்ப்பது நின்றுவிட்டது. அவர் கை காய்ந்துபோய், தோசைக்கல் மாதிரி சுட்டது. அம்மாவிடம் சொன்னேன்.

"எண்ண வேல செய்யிது பாத்தியா?" என்று பூரித்துப்போனாள். முகம் மினுங்காததில் போட்டோக்காரருக்கும் சந்தோஷம்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களைப் பார்த்து மாமா, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்றார். கூட்டமே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். மாமா மட்டும் சிரிக்கவில்லை. காரிலிருந்து இறங்கக் காலை வைத்தவர் அப்படியே சரிந்தார்.

திருஷ்டி என்றார்கள், பலாப்பழம் என்றார்கள். ஒருவர் சோடா புகட்டப் பார்த்தார். அதற்குள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்யாணப்பெண் ஓடிவந்தாள்.

"வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க! ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க!"

கோட்டை அவளே பிய்த்தெடுத்தாள். பொத்தான்கள் தெறித்தன. கூல்டிரிங்க்ஸ் வைத்திருந்த தொட்டியிலிருந்து ஐஸ் தண்ணீரை வாரி வாரி ஊற்றினாள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் கட்டியை வைத்தாள். "டேய், கண்ண மூடாத! என்னப் பாரு!" என்று கன்னத்தில் தட்டினாள். தாலி ஏறுவதற்கு முன்பே 'டேய்' என்கிறாளே என்று பெரியம்மா முகவாயில் கை வைத்தாள்.

மாமா பிழைத்துக்கொண்டார். வெயிலும் கோட்டும் சேர்ந்து உடம்பைக் கொதிக்க வைத்துவிட்டன, வேர்வை நின்றபோதே பயந்திருக்க வேண்டும் என்றாராம் டாக்டர். அடுத்த மாதம் ஒரு கோயிலில், வேட்டி சட்டையில் கல்யாணம் நடந்தது. எண்ணெய் வைத்ததால்தான் அந்த மட்டோடு போயிற்று என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

அன்றைக்கு எனக்கிருந்த கவலை வேறு. ஆம்புலன்ஸ் போனதும் அப்பாவைக் கட்டிக்கொண்டு, "அவுங்களுக்கு மாமாவப் புடிக்கல, அடிக்கிறாங்க. இந்தக் கல்யாணம் வாணாம்பா" என்று அழுதேன். அவள் முகம் முழுக்க நனைந்திருந்ததை நானும்தான் பார்த்தேன். ஐஸ் தண்ணீர் தெறித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.