அரிசி நோயும் கோழிக்காரம்மாவும்

கோழிக்காரம்மா தட்டிவிட்டுத்தான் திறப்பார். பின்கட்டு அறையில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளின் பக்கவாட்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. உள்ளே முட்டை அட்டைகளுக்கு நடுவே சரசரவென்று ஓட்டம் கேட்டால், "சரி சரி, இருக்கீங்கல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவார். ஓட்டம் மந்தமாகக் கேட்கும் பெட்டியைத்தான் முதலில் இறக்கி மூடியைக் கழற்றுவார்.

யார் கேட்டாலும் கோழிப் பண்ணை வைத்திருப்பதாகத்தான் சொல்வார். பொய்யில்லை, வளர்ப்பது சுவர்க்கோழி. இருட்டில் சுவர் மூலையிலிருந்து கிரீச்சிட்டு நம் தூக்கத்தைக் கெடுக்கும் அதே பூச்சி. விவரம் தெரியாமல் முட்டை வாங்க வந்தவர்களும் உண்டு. "முட்டை இருக்கு. ஒரு ஆம்லெட்டுக்கு லட்சம் முட்டை ஆகும், பரவாயில்லையா?" என்பார். அப்படித்தான் தெருவில் கோழிக்காரம்மா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பறவைக் கடைகள், பல்லியும் ஓணானும் வளர்க்கும் வீடுகள், ஊர்க்கோடியில் இருக்கும் விலங்குக் காட்சிச்சாலை, இவையெல்லாம் அவருடைய வாடிக்கை. கணவர் ஓய்வு பெற்ற லாரி டிரைவர். என்ஜின் இரைச்சலில் ஒரு காது போனவர். நல்ல காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு தூங்கிவிடுவார். "இவருக்கு ரெண்டு காதும் கேட்டிருந்தா எங்க கல்யாணம் எப்பவோ முறிஞ்சிருக்கும்" என்று அவர் எதிரிலேயே, கேட்காத காதுப் பக்கம் நின்று சொல்வார்.

பருத்த உடம்பு, கட்டைக் குரல், இழுத்துச் செருகிய முந்தானை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடி. பக்கத்து வீட்டில் கொசுவர்த்தி கொளுத்தினால் மூக்கு முதலில் இவருக்குத்தான் விடைக்கும். அந்தப் புகை பூச்சிகளுக்கு எமன்; அடுத்த நிமிடம் அந்த வீட்டு வாசலில் நிற்பார். சென்ட் பூசிக்கொண்டு வந்த சம்பந்தியையே பின்கட்டுப் பக்கம் விடாமல் கூடத்தோடு திருப்பி அனுப்பியவர்.

பூச்சிகளின் சாவு அவருக்கு அத்துப்படி. உடம்பில் பச்சை மாவு பூத்துச் செத்தால் பூஞ்சை. கறுத்துக் கொழகொழவென்று நாறினால் பாக்டீரியா. மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டே போனால் வைரஸ். ஒவ்வொன்றையும் சந்தித்து, பெட்டியோடு ஒழித்து, மீண்டிருக்கிறார். ஆனால் போன வருடம் வந்தது எதிலும் சேரவில்லை. பூச்சிகள் தின்றன, ஆனால் வளரவில்லை. தோலுரிக்கும்போது பாதியிலேயே மாட்டிக்கொண்டன. வயிறு மட்டும் கர்ப்பிணிபோல் உப்பியது, ஆணுக்கும்கூட. ஒன்றைக் கீறிப் பார்த்தார். மஞ்சளாக இருக்க வேண்டிய கொழுப்பு சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது.

ஒரு டப்பாவில் சிலவற்றைப் போட்டுக்கொண்டு கல்லூரிப் பூச்சி ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கிருந்த மேடம் பொறுமைசாலி. அந்தக் கொழுப்பில் துளி எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துவிட்டு, "நீங்களே பாருங்க" என்று நகர்ந்துகொண்டார். கோழிக்காரம்மா குனிந்து பார்த்தார். பார்வை முழுக்க பளபளவென்று பொடி அரிசி.

"மைக்ரோஸ்போரிடியான்னு பேரு. ஒட்டுண்ணி. பூச்சியோட உடம்புக்குள்ள புகுந்து, அதோட சாப்பாட்டுலயே பெருகும்" என்றார் மேடம். "எச்சத்துல பரவும். செத்ததை மத்தது தின்னா பரவும். தாய்கிட்டேருந்து முட்டைக்கும் போகலாம்."

"மருந்து?"

"உங்க பண்ணைக்குச் சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லைங்க. மொத்தத்தையும் அழிச்சுட்டுக் கழுவித்தான் ஆரம்பிக்கணும்."

கோழிக்காரம்மா மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தார். "பாக்க அழகாத்தான் இருக்கான்" என்றார்.

வீட்டில் கொழுந்தன் காத்துக்கொண்டிருந்தார். பைக்கில் கடை கடையாகச் சரக்குப் போடுவது அவர்தான். கூடவே பறவைக் கடைக்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார். விஷயம் அதற்குள் கசிந்திருந்தது.

"அண்ணி, அழிக்க வேணாம். கடைக்கார அண்ணன் மொத்தத்தையும் அப்படியே எடுத்துக்கறேங்கறாரு" என்றார் கொழுந்தன்.

"பல்லி திங்கப் போகுது. அதுக்கு என்னம்மா தெரியப் போகுது?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"பல்லிக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. ஆனா நீங்க பல்லி இல்லையே. உங்க கொட்டகையில விட்டுப் பெருக்கத்தான கேக்கறீங்க? அங்கேருந்து குஞ்சு எத்தனை பண்ணைக்குப் போகும்?"

கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். "உனக்கெதுக்கு ஊர்க் கவலை? கண்ணுக்குத் தெரியாததை யாரு வந்து உன்கிட்ட கேக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

கடைக்காரர் எழுந்து போனார். கொழுந்தன் மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "தன் கடைக்குத் தானே யாராவது பூட்டுப் போடுவாங்களா அண்ணி" என்றார். கோழிக்காரம்மா பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினார்.

கணவரும் அவருமாக அன்று முழுக்கத் தண்ணீர் கொதிக்க வைத்தார்கள். ஒவ்வொரு பெட்டியாக இறக்கி, திறந்து, ஊற்றினார்கள். அன்று மட்டும் அவர் தட்டவில்லை. அட்டைகளையும் தவிட்டையும் கொல்லையில் குவித்துக் கொளுத்தினார்கள். புகையில் கண் எரிகிறது என்று சொல்லிக் கணவர் உள்ளே போய்விட்டார். கோழிக்காரம்மா நெருப்பு அடங்கும்வரை குச்சியால் கிளறிக்கொண்டே நின்றார்.

மறுநாள் கொழுந்தனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து எல்லா வாடிக்கைக்கும் நேரில் போனார். "என் பூச்சிக்கு நோய். போன மாசம் வாங்கினதுல மிச்சம் இருந்தா கொன்னுடுங்க. நல்லதுகூட சேக்காதீங்க." சிலர் தலையாட்டினார்கள். சிலர் கடைக்குள் காலை வைக்காதே என்றார்கள். பறவைக் கடைக்காரர் தன் பங்குக்கு, அது நோய் வீடு என்று தெருவெல்லாம் ஊதிவிட்டார். எதிர்வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வந்து, "எங்க பையனுக்கு ஒட்டிக்குமா?" என்று கேட்டாள்.

"எத்தனை கால் அவனுக்கு?"

"ரெண்டு."

"ஆறு இருந்தாதான் பயப்படணும். போய்ச் சோறு ஊட்டு."

பெட்டிகளையும் தரையையும் சுவரையும் பிளீச்சிங் போட்டுத் தேய்த்துவிட்டு, வெளியூர்ப் பண்ணை ஒன்றிலிருந்து முட்டை வரவழைத்து மறுபடி தொடங்கினார். குஞ்சுகள் நன்றாகத்தான் வளர்ந்தன. கடைசித் தோலுரிப்பில் வயிறு உப்பியது. மறுபடியும் அண்டா, மறுபடியும் கொல்லையில் புகை. இந்தத் தடவை கணவரே, "போதும், விட்டுடேன்" என்றார்.

"அது கண்ணுக்குத் தெரியாத ஒரு அரிசி. நான் கண்ணுக்குத் தெரியிற எண்பது கிலோ பொம்பள. யாருங்க விலகணும்?"

கணவர் நல்ல காதைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். சுவர் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்தார்.

நோய் முட்டையோடேயே வந்திருக்கலாம் என்று மூன்றாம் முறை வழியை மாற்றினார். மேடத்திடம் கெஞ்சி, ஆய்வுக்கூடம் கழித்துப் போட்ட பழைய நுண்ணோக்கி ஒன்றை வாங்கி வந்தார். ஒவ்வொரு தாய்ப் பூச்சிக்கும் தனி ஜாடி. முட்டையிட்டு முடிந்ததும் தாயை நசுக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பது. அரிசி தெரிந்தால் அந்த ஜாடி முட்டையோடு நெருப்புக்கு. "கொலைகாரியாயிட்டேன் பாருங்க" என்று மேடத்திடம் போனில் சொல்வார். "பெத்த உடனே அம்மாவைப் போஸ்ட்மார்ட்டம் பண்றேன்." ஜாடிகள் குறைந்துகொண்டே வந்தன. எஞ்சியவை ஒரு கை விரலில் எண்ணக்கூடிய அளவுதான். அவற்றிலிருந்து வந்த தலைமுறையில் அரிசி இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஒரு சாயங்காலம் பின்கட்டில் முதல் ஆண் பூச்சி இறக்கையை உரசிப் பார்த்தது. எழுந்ததும் பல்கூடத் துலக்காதவன் கரகரவென்று பாடுவதுபோல் இருந்தது என்கிறார் கொழுந்தன். மறு வாரமே அவர் பைக்குக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

பறவைக் கடைக்காரர் கேட்ட சரக்கு வேறு எங்கிருந்தோ கிடைத்திருக்க வேண்டும். அவரும் சும்மா இருக்கவில்லை. தன் கொட்டகையிலிருந்து ஊரெல்லாம் குஞ்சு அனுப்பிக்கொண்டிருந்தார்.

போன வாரம் பொழுது உச்சிக்கு ஏறும் நேரத்தில் கேட்டருகே வந்து நின்றார். கையில் ஒரு டப்பா. சட்டையில் தவிடு ஒட்டியிருந்தது. முகம் பேயறைந்த மாதிரி.

"எல்லாம் வயிறு ஊதிக் கிடக்குதும்மா. வந்து ஒரு பார்வை பாக்கணும். இல்லாட்டி நான் உள்ள வந்து உன் கண்ணாடியில..."

"அங்கயே நில்லுங்க."

நின்றார். கோழிக்காரம்மா கேட்டைத் திறக்கவில்லை. அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"டப்பாவைக் கீழ வையுங்க. இந்தச் சட்டை வேட்டியோட ஒரு அடி உள்ள வரக் கூடாது. ஒட்டிக்கிட்டு வரும். தண்ணி ஊத்தறேன், கை கால் கழுவிட்டு மாத்திக்கிட்டு வாங்க. கண்ணாடியில காட்டறேன். சுத்தம் பண்ற வழியும் சொல்றேன்."

"மாத்திக்க நான் எதைம்மா கொண்டாந்தேன்?"

முற்றத்துக் கொடியில் கணவரின் சட்டைகள் இரண்டும் வேட்டி ஒன்றும் மொறமொறவென்று காய்ந்து கிடந்தன. கோழிக்காரம்மாவின் கை அவற்றின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு அவற்றைத் தாண்டிப்போய், கடைசியில் கிடந்த, பெரிய ரோஜாப் பூ போட்ட தன் நைட்டியை உருவி, கேட்டுக்கு மேலாக வீசியது.