விபத்து நடக்காத ஓடுதளத்துக்கு ஒரு பயணம்

இந்த வலைப்பூவில் அணைகளையும் மலைக்கோட்டைகளையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது, விபத்து நடந்த இடங்களுக்குப் போவதைப் பற்றி எழுதுங்கள் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். எனக்கு அப்படி ஒரே ஒரு அனுபவம்தான் உண்டு. அதுவும் விபத்து நடந்த இடமல்ல, மயிரிழையில் நடக்காமல் போன இடம். எண்பதுகளின் தொடக்கத்தில், ஆயுத பூஜையை ஒட்டி ஹைதராபாத்துக்குப் போனேன். நினைவிலிருந்து எழுதுவதால் தொகைகளில் ஒன்றிரண்டு ரூபாய் முன்பின் இருக்கலாம். வழி தவறிவிடக் கூடாது என்பதற்காக, எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. ஏன் போனேன்
2. எப்படிப் போனேன், என்ன செலவானது
3. ஓடுதளத்தில் என்ன நடந்தது
4. அதைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை
5. புது இடத்தில் நாம் யார், என்ன வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது
6. இத்தகைய பயணம் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

என் அக்கா கோமதியின் கணவர் சுப்பையா, ஹைதராபாத்துக்கு வெளியே இருந்த ஒரு சிறிய விமானத் தளத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்தார். தளத்தின் பெயர் வேண்டாம். பயிற்சி விமானங்கள்தான் அங்கே அதிகம். எப்போதாவது அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய விமானம் வரும். எது இறங்கலாம், எது வானிலேயே சுற்றட்டும் என்று ஒலிவாங்கியில் சொல்வது அத்தானின் வேலை. அங்கே ஆகஸ்டில் ஒரு சம்பவம் நடந்து, விசாரணை முடியும்வரை அவரைக் கோபுரத்திலிருந்து இறக்கி வைத்திருந்தார்கள். அவர்மேல் தவறில்லை என்று விசாரணை முடிந்தது. திங்கட்கிழமை முதல் மறுபடி ஏற வேண்டும். ஆனால் அவர் ஏறமாட்டேன் என்கிறார், நீ வந்து எடுத்துச் சொல் என்று அக்கா எழுதியிருந்தாள். கோபுர வேலையைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. இருபத்தோரு வயதில் அதில் சேர்ந்தவர்.

நான் அப்போது திருச்சியில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்லிப் பழக்கமில்லை. அளந்து பார்த்து, சரியில்லை என்றால் சிவப்பு வண்ணம் பூசி ஓரமாக வைப்பேன், அவ்வளவுதான். இருந்தாலும் போனேன்.

மதராஸ் சென்ட்ரலில் மாலை ரயில் ஏறினால் மறுநாள் காலை ஒன்பது மணிவாக்கில் செகந்திராபாத். எண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. படுக்கை வசதியோடு இரண்டாம் வகுப்பு அறுபது ரூபாய்க்குள் முடிந்தது. நிலையத்துக்கு வெளியே பழக்கடையில் கால் மணி நேரம் நின்றேன். உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. துக்க வீட்டுக்குக் கையில் எதையும் கொண்டுபோகக் கூடாது. இது எந்த வீடு என்று எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கினேன், நான்கு ரூபாய். அக்கா வீடு இருந்த மல்காஜ்கிரிக்கு ஆட்டோ ஆறு ரூபாய்.

அக்கா வாசலிலேயே பையை வாங்கிப் பார்த்தாள்.

"வா தம்பி. பழம் எதுக்குல? இங்க யாரும் நோவுல படுத்தா கெடக்காவ?"

"சும்மாதான் அக்கா. அத்தான் எப்படி இருக்காவ?"

"குளிக்காவ, சாப்பிடுதாவ, பேப்பர் படிக்காவ. வானத்துல சத்தம் கேட்டா மட்டும் எந்திரிச்சு உள்ள போயிருதாவ. பக்கத்து வீட்டுக்காரி கேக்கா, உங்க வீட்டுக்காரருக்கு ப்ளேன்காரனுக்குக் கடன் பாக்கி இருக்கான்னு."

அத்தான் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்டவர். அதனால் அத்தானின் திருநெல்வேலித் தமிழில் ஹைதராபாத் பேச்சு கலந்திருக்கும். "ஆவோ மாப்ளே" என்றார். "உங்க அக்கா தந்தி அடிச்சாளா, லெட்டர் போட்டாளா?"

"லெட்டர்தான் அத்தான்."

"அப்ப நெலம அவ்வளவு மோசமில்ல."

நடந்ததை அன்று மத்தியானம் அவரே சொன்னார். நான் ஒரு தாளில் கோடு போட்டு, தூரங்களைக் குறித்துக்கொண்டே கேட்டேன். எனக்கு அப்படித்தான் புரியும்.

ஓடுதளத்தின் இருபுறமும் புல் இடுப்பு உயரம் வளரும். அதை வெட்டும் உரிமையை ஒரு ஒப்பந்தக்காரர் எடுத்திருந்தார். சுற்றியிருந்த ஊர்ப் பெண்கள் காலையில் வந்து அறுத்து, கட்டாகக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு, நகரத்து எருமைக் கொட்டில்களுக்குப் போய் விற்பார்கள். அவர்கள் ஓடுதளத்தைக் கடக்க ஒரு வழக்கம் இருந்தது. விமானம் இறங்கும்வரை புல்லுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். இறங்கியதும் எழுந்து கடப்பார்கள். ஒன்று இறங்கினால் அடுத்தது வர நேரமாகும் என்பது அந்தப் பெண்களுக்கும் தெரியும், கோபுரத்துக்கும் தெரியும். யாரும் எழுதி வைக்கவில்லை. பல வருடம் அது சரியாகவே நடந்தது.

அன்று பயிற்சி விமானம் ஒன்று இறங்கியது. அதன் பின்னாலேயே, தாமதமாக வந்த அதிகாரிகளின் விமானம். அத்தான் தொலைநோக்கியில் ஓடுதளம் முழுவதையும் பார்த்துவிட்டு, இறங்கலாம் என்றார். தலையில் புல்கட்டோடு புல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறவர்கள் கோபுரத்திலிருந்து புல்லாகத்தான் தெரிவார்கள். முதல் விமானம் இறங்கியாகிவிட்டதால் அவர்கள் வழக்கம்போல எழுந்து நடந்தார்கள். எல்லோரும் கடந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் பாதியில் திரும்பிப் போனாள். விமானம் தரையைத் தொடப்போகிற நேரம். அத்தான் ஒலிவாங்கியில் கத்தினார். விமானி மூக்கைத் தூக்கி மேலே ஏற்றிவிட்டார். காற்றில் புல்கட்டு பறந்து சிதறியதைத்தான் அத்தான் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. விமானம் ஒருமுறை சுற்றி வந்து இறங்கியது. அதில் இருந்தவர்கள் டீ குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்கள்.

"தூரமெல்லாம் போட்டுப் பார்த்தேன் அத்தான்" என்று தாளைக் காட்டினேன். "நீங்க சொன்ன நேரத்துக்கு ஓடுதளத்துல யாருமே கிடையாது. நீங்க சொன்னது சரி."

"ஹவ், ஆமா. விசாரணையிலும் அதத்தான் சொன்னாங்க." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "மாப்ளே, நான் முன்னால வேற ஊர்ல இருந்தப்ப ஒரு விமானம் ஓடுதளத்தோட கடைசில எரிஞ்சுது. நாலு பேரு. நான்தான் போர்வை எடுத்துட்டு ஓடினேன். அடுத்த வாரம் கோபுரத்துல ஏறி உக்காந்தேன், வேலை பாத்தேன். அது நடந்து முடிஞ்ச விஷயம். இது முடியவே மாட்டேங்குது. கண்ண மூடினா அந்தக் கட்டுதான் பறக்குது. கீழ அவ எந்திரிச்சாளா இல்லையான்னு பாக்கறதுக்குள்ள முழிச்சுக்கறேன்."

"அவளுக்கு ஒண்ணும் ஆகலைன்னு அறிக்கையில எழுதியிருக்காங்களே."

"எழுதியிருக்காங்க."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. எழுதியிருப்பதை நம்பாமல் நேரில் போய் அளப்பதுதானே என் வேலை. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். அத்தான் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "அவ உயிரோட நடக்கறதப் பாத்துட்டேன்னா திங்கக்கிழமை ஏறிடுவேன்" என்றார். உள்ளே அடுப்பில் வதக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை ஏழரைக்குக் கிளம்பினோம். பேருந்து மௌலா அலி வழியாகப் போனது. குன்றின்மேல் தர்காவைக் கடக்கும்போது அத்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு டிக்கெட்டுக்கு ரூபாய் இரண்டரை. இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை. நிழல் கிடையாது, பாறையும் சீத்தாப்பழச் செடியும்தான். தளத்தைச் சுற்றிப் புதிதாக முள்வேலி போட்டிருந்தார்கள். சம்பவத்துக்குப் பிறகு புல்லறுக்க யாரையும் உள்ளே விடுவதில்லை. பெண்கள் சாலையோரப் பள்ளத்தில் கிடைத்ததை அறுத்துக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு டீக்கடை.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண்கள் புல்கட்டை இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்க வந்தார்கள். அத்தான் தெலுங்கும் ஹைதராபாத் உருதுவும் கலந்து பேச்சுக் கொடுத்தார். எனக்குப் பாதி புரிந்தது. மீதியை அவர் பிறகு சொன்னார்.

"உள்ளே அவ்வளவு புல் இருக்கே, எதுக்கு இங்கே அறுக்கறீங்க?"

"வேலி போட்டுட்டாங்கல்ல. எருமை இளைச்சுது, நானும் இளைச்சேன்" என்றாள் மூத்தவள். அவள் இளைத்தவளாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். "எல்லாம் இவளாலதான். ப்ளேன் இவளுக்கு முத்தம் குடுக்க வந்துச்சு. இவ புருஷன்கூட இவ்வளவு கிட்ட வந்ததில்லே."

இளையவளுக்கு முப்பது வயது இருக்கும். முழங்கையில் ஆறிய காயம் ஒன்று நீளமாக இருந்தது. டீயை ஊதிக்கொண்டே சிரித்தாள். "அருவாளை விட்டுட்டு வந்துட்டேன். புது அருவா. எடுக்கப் போனேன். தலைக்கு மேல இடி. குப்புற விழுந்து பாத்தா அருவா கையில இருக்கு, புல்லைக் காணோம்."

"பயந்தியா?"

"விழறப்ப பயமில்லே. வீட்டுக்குப் போய் மூணு நாள் காய்ச்சல். மேலே கண்ணாடிக் கூண்டுல ஒருத்தன் உக்காந்திருப்பான், அவன் தூங்கிட்டான் போல."

"ஹவ், தூங்கித்தான் இருப்பான். சம்பளத்தை வாங்கிட்டுக் குறட்டை விடறானுங்க" என்றார் அத்தான்.

மூவரும் சிரித்தார்கள். அத்தான் சிரித்து நான் அந்த மூன்று நாளில் பார்க்கவில்லை. இன்னொரு டீ போடச் சொன்னார். அந்தப் பெண் தரையில் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு தவறும் செய்யாதவரைத் தூங்கினார் என்கிறார்கள், அவரும் ஆமாம் என்கிறார். எங்கள் நிறுவனக் குடியிருப்பில் யாரை அறிமுகம் செய்தாலும் பெயருக்கு முன்னால் பதவியைச் சொல்வோம். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான். பதவி தெரியாமல் ஒருவரோடு பேசவைப்பது அவரை அவமதிப்பது போல. அலுவலக இந்தித் தேர்வில் தேறி ஊதிய உயர்வு வாங்கியிருந்தேன். அந்த இந்தியில், வானொலிச் செய்தி போல, இவர்தான் அந்தக் கோபுரத்தின் அதிகாரி, உங்களைப் பார்ப்பதற்காகவே வந்திருக்கிறார் என்று சொன்னேன்.

அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான் இல்லே சாப்" என்றாள்.

"பயப்படாதேம்மா, ஒண்ணும் கேக்க வரல" என்றார் அத்தான்.

"நான் இல்லே. நான் அன்னைக்கு வரவே இல்லே. அவ வேற ஊரு."

"இப்பத்தானே சொன்னே?"

"அவ செத்துட்டா சாப். காய்ச்சல்ல போயிட்டா. கேஸ் எல்லாம் நக்கோ சாப், வேண்டாம்."

மூத்தவளும் ஆமாம், செத்துட்டா, செத்துட்டா என்றாள். இரண்டு பேரும் ஒருவர் தலையில் ஒருவர் கட்டை ஏற்றிவிட்டு, சாலையை விட்டு இறங்கிப் பாறைகளுக்கு நடுவே வேகமாகப் போனார்கள். டீ அப்படியே இருந்தது. கடைக்காரர் எங்களைப் பார்க்காமல் டம்ளர்களை எடுத்துக் கொட்டினார்.

திரும்பும் வழியில் நான், "அவதான் அத்தான். கையில காயம் பார்த்தேன். நல்லா நடக்கிறா" என்றேன்.

"தெரியும் மாப்ளே. ஆனா செத்துட்டான்னு அவ வாயால சொல்லிட்டாளே."

திங்கட்கிழமை அத்தான் தளத்துக்குப் போனார். கோபுரத்தில் ஏறவில்லை. கீழே பண்டகசாலைப் பிரிவுக்கு மாற்றிக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பாடு போடும்போது அக்கா, "ரெண்டு நாளு சும்மா வீட்டுல இருந்துட்டுப் போயிருக்கலாம்ல" என்றாள்.

அன்று மாலை அத்தான்தான் ரயில் ஏற்ற வந்தார். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க. காலையில ஏணி வரைக்கும் போனேன். அங்கிருந்தே ஓடுதளம் தெரியும். காலியாத்தான் இருந்துது. காலியா இருக்குன்னு வாயால சொல்லணுமே மாப்ளே, அது வரல."

ஓய்வு பெறும்வரை அவர் பண்டகசாலையிலேயே இருந்தார். விமானச் சக்கரங்களை எண்ணி உள்ளே வைப்பதும் வெளியே கொடுப்பதுமாக.

இனி யோசனைகள். இத்தகைய இடங்களுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பிறகு வெயில் தாங்காது. தண்ணீர் கொண்டுபோங்கள். வேலி இருந்தால் தாண்டாதீர்கள், படம் எடுக்காதீர்கள். சம்பந்தப்பட்டவரை அழைத்துப்போவதானால், அன்றே திரும்பிவிடும்படி திட்டமிடுங்கள். தங்கும் வீட்டுக்குப் பழம் வாங்கிப் போவதில் தவறில்லை. சாப்பிட்டார்கள். இப்போது ரயில் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நான் கொடுத்தவை எதற்கும் உதவாது.

ஐந்தாவதைப் பற்றித் தனியாக எழுத நினைத்திருந்தேன். மறைத்துப் பேசுவது சரியல்ல, யார் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது என்பதற்கு மூன்று காரணங்களை யோசித்து வைத்திருந்தேன். அவற்றை எழுதப் பார்த்தேன். அத்தான் இரண்டாவது டீ சொல்லியிருந்தார். அவள் அவர் எதிரே உயிரோடு உட்கார்ந்திருந்தாள். நான் அந்த டீ வரும்வரையாவது பேசாமல் இருந்திருக்கலாம். ஐந்தாவது தவறு.