ஏற்றாத மெழுகுவர்த்தி

வேளாங்கண்ணித் திருவிழா ஸ்பெஷலுக்காகக் காரைக்கால் ஸ்டேஷனில் நிற்கிறேன். பெஞ்சில் யாரோ வைத்த மெழுகுவர்த்திக் கட்டு வெயிலில் இளகி மணக்கிறது. அந்த வாடை பட்டாலே எனக்குப் பழைய ரயில் பயணம் ஒன்று ஞாபகம் வரும்.

பல வருஷம் நின்றுபோயிருந்த ரயில் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்த வருஷம் அது. நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பட்டினச்சேரி செல்வியக்கா, என்னிடம் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்தாள்.

"கடலுக்குப் போன என் வீட்டுக்காரரு, உன் மாமா, நாலு நாளா வரல பாப்பா. மாதா கோயில்ல உன் கையால ஏத்திடு. சின்னப் புள்ள கேட்டா மாதா தட்டமாட்டாங்க."

வேளாங்கண்ணியில் இறங்கும்போது பலூன்காரனைப் பார்த்து ஓடினேன். மெழுகுவர்த்தி ரயில் சீட்டிலேயே தங்கிவிட்டது. வீடு திரும்பியதும் அக்கா கேட்டாள்.

"ஏத்திட்டேங்க்கா" என்றேன்.

மறுநாள் மாமா கரை சேர்ந்தார். அன்றிலிருந்து கூடையில் நல்ல மீன் எங்களுக்குத்தான். "ராசியான கை" என்று தெருவெல்லாம் சொன்னாள். நானும் தின்றேன்.

இதோ, இத்தனை வருஷம் கழித்து, செல்வியக்கா பிளாட்பாரத்தில் மூச்சிரைக்க வருகிறாள்.

"என் தம்பி போன படகு ரெண்டு நாளா வயர்லெஸ் லைன்லயே வரல. உன் கைதாம்மா ராசி."

மெழுகுவர்த்தியை நீட்டுகிறாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.

அன்று ஏற்றாமலே மாமா வந்துவிட்டார். இன்று ஏற்றப் போகிறேன். அதுதான் பயமாக இருக்கிறது.