யாரும் படிக்காத கேள்வி

நெமிலிச்சேரி பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நின்றபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. கையில் யோவான் சுவிசேஷம், பதினாலாம் அதிகாரம். சனிக்கிழமை ஒரு வழியனுப்புக் கூட்டத்தில் நான் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து காதால் கேட்டிருக்கிறேனே தவிர, வரிவரியாகக் கண்ணால் படித்ததில்லை. படித்துக்கொண்டே போனால், வரிகளின் நடுவில் என் அம்மா பேசினாள்.

நீர் போகிற இடமே தெரியவில்லை, வழி மட்டும் எங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டவர் இயேசுவின் சீடர்களில் ஒருவர். பரங்கிமலையில் ஈட்டியால் குத்துப்பட்டு இறந்ததாக நம் ஊரில் சொல்வார்களே, அவர்தான். அம்மாவும் ஒருமுறை இதைத்தான் கேட்டாள். அதற்காக அவளை அவிசுவாசி என்றார்கள். ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

நான் வளர்ந்தது ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். திருநெல்வேலி, தஞ்சாவூர், வேலூர் என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு ஜெபக்குழுவாகக் கூடும். யாராவது மாற்றலாகிப் போனாலும் ரிட்டயர் ஆனாலும் செத்தாலும் இந்த அதிகாரம்தான். இயேசு சாவதற்கு முந்தின இரவு சீடர்களிடம் விடைபெறும் பேச்சு அது. கலங்காதீர்கள், நம்புங்கள், உங்களை அனாதைகளாக விடமாட்டேன், தேற்றுவதற்கு ஆவியானவரை அனுப்புகிறேன் என்கிறார். எங்கள் குழுவை நடத்திய மூப்பருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அந்தச் சீடரின் கேள்வி வரும் இடத்தை மட்டும் தாண்டி, நானே வழி என்கிற பதிலுக்கு நேரே போய்விடுவார். சந்தேகத்தைச் சபையில் சத்தமாகச் சொன்னால் ஆவியானவர் துக்கப்படுவார் என்பது அவர் கட்சி. அவரைப் பார்த்து எல்லோரும் தாண்டினார்கள். எழுத்து தெரியாத அம்மா அந்த அதிகாரத்தை ஓட்டையோடு மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

நான் பத்தாவது படிக்கும்போது அப்பா வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழுந்திருக்கவில்லை. இறந்தவரின் குடும்பம் குவார்ட்டர்ஸில் சில மாதம் இருக்கலாம், பிறகு காலி செய்ய வேண்டும். எங்களுக்கு அது ஜனவரியோடு முடிந்தது. எனக்குப் பரீட்சை மார்ச்சில். அடுத்ததாக வீடு ஒதுக்கப்பட்டவர் பொறுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால் இருக்கலாம் என்றார்கள் ஆபீஸில். அந்த அடுத்தவர் எங்கள் மூப்பர்.

அம்மா அவர் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். “ரெண்டே மாசம் ஐயா. பாப்பா பரீட்சை மட்டும் முடியட்டும்.”

“சகோதரி, இது நானா தேடி வாங்கினதா? கர்த்தர் திறந்த கதவு. அதை மூட எனக்கு அதிகாரம் உண்டா, சொல்லுங்க.”

எங்களை வழியனுப்பும் கூட்டம் எங்கள் ஹாலிலேயே நடந்தது. மூப்பர் வீட்டுக் கட்டில் காலையிலேயே வந்து வராந்தாவில் நின்றது. கூட்டத்துக்கு வந்தவர்கள் அதற்கு அடியில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். ஜெபத்தின்போது மூப்பரின் மனைவி முக்காட்டுக்குள் கண்ணைத் திறந்துவைத்து ஜன்னலைத் திரைக்காகச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். நானும் கண்ணை மூடவில்லை, அதனால் தெரியும்.

மூப்பர் வாசித்தார். உங்களுக்கு இடத்தைத் தயார்செய்யப் போகிறேன், நான் போகிற வழியும் உங்களுக்குத் தெரியும் என்கிற வரிக்கு வந்து, மூச்சு வாங்க நிறுத்தினார். அம்மா தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

“போற இடமே தெரியல ஐயா. வழி எப்படித் தெரியும்?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூப்பர் அந்தப் பக்கத்துக்குள் விரலை வைத்தபடி பைபிளை மூடினார். “பாத்தீங்களா? இதுதான் அவிசுவாசம். இப்படி ஒரு ஆவி குடியிருக்கிற வீட்ல புருஷன் எப்படி நிலைப்பான்?”

“ஸ்தோத்திரம்” என்றது கூட்டம். அவர் விரலை எடுத்து, பதிலிலிருந்து தொடர்ந்தார். அவர் விரலுக்கு அடியில்தான் அம்மாவின் கேள்வி அச்சடித்துக் கிடந்திருக்கிறது.

கிளம்பும்போது அவர் மனைவி அம்மாவின் தோளைத் தொட்டார். “டியூப்லைட்டக் கழட்டாதீங்க சிஸ்டர். செவுத்துல சுண்ணாம்பு பேந்துக்கும்.” அது அப்பா வாங்கி மாட்டியது. கழற்றவில்லை.

நெமிலிச்சேரியில் எருமை வளர்க்கும் ஒரு குடும்பத்தின் வீட்டில் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. வாராவாரம் வந்து ஜெபிக்கிறோம் என்று குழு சொல்லியிருந்ததால் அம்மா வெள்ளிக்கிழமைகளில் பாயை விரித்து வைப்பாள். வீட்டுக்கார அம்மாள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள்.

“இன்னாம்மே, இன்னிக்கும் பாய விரிச்சுகினு குந்திகீறியா? உன் சாமி ஆளுங்களுக்கு வழி தெர்லியா? டேசன்லேர்ந்து ஒரே தெருதானே!”

“வருவாங்க.”

“எங்க எர்மை சொல்லாமயே பொழுதோட ஊட்டுக்கு வந்துடுது. உன் ஆளுங்க சொல்லியும் வர்ல.”

ஒருவரும் வரவில்லை. நான் கணக்கில் ஃபெயிலானேன். ஆவடி மார்க்கெட்டில் எதிர்ப்பட்ட மூப்பரின் மனைவி, கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, “ஜெபம் கொறஞ்சா அப்படித்தான்” என்றார். அக்டோபரில் மறுபடி எழுதித் தேறினேன். இப்போது கல்லூரி கடைசி வருடம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள், கணவனும் மனைவியுமாக. வீட்டுக்கார அம்மாள் தொழுவத்திலிருந்தே கத்தினாள். “தோ பார்றா, வந்துட்டாங்கோ! வழி கண்டுபுட்சிட்டாங்கோ!”

மூப்பர் இந்த மாதத்தோடு ரிட்டயர் ஆகிறார். கள்ளிக்குப்பத்தில் கட்டும் வீடு அஸ்திவாரத்தோடு நிற்கிறது. மகள் கல்யாணம் வரைக்குமாவது குவார்ட்டர்ஸில் இருக்கலாம் என்றால், அடுத்து வீடு கிடைத்த பையன் பொறுக்கமாட்டேன் என்கிறானாம். “கால்ல விழாத குறை, சகோதரி. போற இடமே தெரியல” என்றார்.

அம்மா காபியை ஆற்றினாள். “கலங்காதீங்க ஐயா. கர்த்தர் திறந்த கதவு. மூட அந்தப் பையனுக்கு அதிகாரம் உண்டா?” டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். “சக்கரை போதுமா பாருங்க.”

எனக்கு இனித்தது. அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், சனிக்கிழமை அந்த ஹாலிலேயே நடக்கும் தங்கள் வழியனுப்புக் கூட்டத்தில் பாப்பா வாசிக்கட்டும், நல்ல குரல் என்றார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா சரியென்றுவிட்டாள்.

அதே அதிகாரத்தில், ஆவியானவர் வந்து எல்லாவற்றையும் உங்களுக்கு நினைப்பூட்டுவார் என்று வருகிறது. மூப்பர் அன்று சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அம்மா இத்தனை வருடத்தில் மறக்கவில்லை, தொனி உட்பட. அவளுக்கு நினைப்பூட்டியது எந்த ஆவி? பிளாட்பாரத்தில் இதுவும்தான் என்னைக் குடைந்தது. நேராக வீட்டுக்குத் திரும்பினேன்.

“அம்மா, இது உன் கேள்விம்மா. பைபிள்லயே இருக்கு. இயேசு திட்டல. உடனே பதில் சொல்றார்.” வாசித்துக் காட்டினேன்.

அரிசியில் கல் பொறுக்கிய விரல் நின்றது. “இன்னொரு தடவை படி.” படித்தேன். “இத்தனை நாளும் இது உள்ளயே இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

முறத்தை ஒருமுறை புடைத்தாள். “சனிக்கிழமை அந்த எடத்தைத் தாண்டிப் படி.”

“ஏம்மா?”

“எனக்குப் படிக்காதத அவனுக்கு மட்டும் எதுக்குப் படிக்கணும்?”

மறுபடி பிளாட்பாரத்துக்கே வந்துவிட்டேன். இங்கே நின்று எவ்வளவு முணுமுணுத்தும் அந்த வரியில் குரல் ஒருமுறைகூட நேராக நிற்கவில்லை. ஆனாலும் தாண்டப்போவதில்லை. எங்கள் ஹாலில், அப்பாவின் டியூப்லைட் இன்னும் எரிந்தால் அதன் கீழே, வழியும் உங்களுக்குத் தெரியும் என்கிற வரியில் மூச்சு வாங்க நிறுத்துவேன். அம்மா முன்வரிசையில் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்க்காமல், போக இடமில்லாத அந்த மனிதரைப் பார்த்து, கேள்வியை முழுசாக வாசிக்கப் பார்ப்பேன்.